இருபத்தேழாம் எண் வீட்டின் முன் நிறுத்தப்பட்ட சோபா

பத்துமலை தம் வாழ்நாளில் வாங்கிய முதல் புதுச் சோபா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஈப்போவிலிருந்து லாரியில் வந்து சேர்ந்தது. வாசல் வரைக்கும் ஒழுங்காக வந்தது. வாசலைத் தாண்டி உள்ளே போக அதற்கு ஆறு வாரம் பிடித்தது.

பத்துமலைக்கு வயது ஐம்பத்து நான்கு. சுங்காய்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். கையுறைத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறார். ஈப்போவுக்கு வெளியே தாமான் செரி மெலோர் குடியிருப்பில் இருபத்தேழாம் எண் வரிசை வீடு அவருடையது. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டின் முன்னறையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தவிர வேறு இருக்கை கிடையாது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதும் கிடையாது. ஆனால் மகள் தினேஸ்வரியைப் பெண் கேட்டு ஞாயிற்றுக்கிழமை தெலுக் இந்தானிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும் அவர் மனைவி விமலா அந்த ஆறு நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பத்துமலையைப் பார்த்தார். மறுநாளே இருவரும் ஈப்போவுக்குப் போய்விட்டார்கள்.

சோபா கரும்பழுப்பு நிறம், எல் வடிவம், ஒன்பதடி நீளம். பிரித்து மாட்டுகிற சாமான் இல்லை, ஒரே கட்டு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அசையாது என்று கடை முதலாளி தவ்கே சத்தியம் பண்ணியிருந்தார். அவர் சொன்னது அப்படியே பலித்தது. சோபா அசையவில்லை. காரணம், வீட்டுக் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது.

அந்தக் கார் எதிர்வீட்டுத் துரைசிங்கத்துடையது. நில அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நான்கு கார். இரண்டு உள்ளே நிற்கும், ஒன்று அவர் வீட்டு முன்னால் நிற்கும். நான்காவது, மகன் திருக்குமரனுடையது. அது ஐந்து மாதமாகப் பத்துமலையின் கேட்டுக்குக் குறுக்கே நிற்கிறது. காருக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவில் உள்ள சந்தில் ஓர் ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழையலாம். கண்ணாடியை மடக்கினால் மோட்டார் சைக்கிளும் நுழையும்.

லாரியோடு வந்தவர்கள் சோபாவைக் காருக்கு மேலே தூக்கிப் பார்த்தார்கள். துரைசிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"கீறு விழும்! கீறு விழும்! இறக்குங்கோ!"

"சார், காடிய கொஞ்சம் நவுத்துங்க சார். அஞ்சு நிமிசம் வேல," என்றார் பத்துமலை.

"எப்பிடி நகத்திறது? திறப்பு சிங்கப்பூரில மகனிட்ட இருக்கு. பிரேக்கும் போட்டுக்கிடக்கு."

"சாவி இல்லாத காடிய எங்க வீட்டு கேட்டுலயா சார் போடுவீங்க?"

"ரோட்டு அரசாங்க நிலம், பத்துமலை. உம்மட காணிக் கிராண்டு கேட்டோட முடியுது. வேணுமெண்டால் வரைபடம் கொண்டு வந்து காட்டுறன்."

பின்சந்து வழியாகப் போனால் சமையலறைக் கதவு இரண்டரை அடி. மதிலுக்கு மேலே தூக்கினால் முன்வாசல் தகரக்கூரை இடிக்கிறது. லாரிக்காரர்களுக்கு அடுத்து கம்பாரில் ஒரு கட்டில் இறக்க வேண்டியிருந்தது. சோபாவைக் காருக்குப் பக்கத்தில், மதிலோரம் ரோட்டிலேயே வைத்துவிட்டுப் பத்துமலையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். விமலா மழைக்கு ஒரு கென்வாஸ் துணியைப் போர்த்தினார். அன்று மாலையே பத்துமலை செரி மெலோர் நகராண்மைக் கழகத்தின் புகார் எண்ணுக்குத் தொலைபேசி அடித்து, தம் வீட்டுக் கேட்டை ஒரு கார் மறிக்கிறது என்று சொன்னார்.

கழகம் வந்தது. மூன்றாம் நாள் காலை அமலாக்க அதிகாரி தர்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு வயது, சட்டைப் பையில் மூன்று பேனா, இடுப்பில் சம்மன் அச்சடிக்கும் இயந்திரம். அளவு நாடாவால் காரை நான்கு பக்கமும் அளந்தார். குனிந்து சக்கரங்களைப் பார்த்தார்.

"காடி சரியாதான் நிக்குது, அண்ணே. மஞ்சக் கோடு இல்ல, திசையும் சரி. குத்தம் ஒன்னும் இல்ல."

"கேட்ட மறிச்சிகிட்டு நிக்குதே தம்பி!"

"கேட்டுன்னா என்னான்னு துணைச்சட்டத்துல விளக்கம் இருக்கு. வாகனம் உள்ள வெளிய போற வழிதான் கேட்டு. உங்க வீட்ல காடி இருக்கா?"

"மோட்டார்தான்."

"மோட்டார் போவுதா?"

"கண்ணாடிய மடக்குனா போவும்."

"அப்ப எதையும் மறிக்கலயே லா. போவ முடியாத வண்டி ஒன்னு இருந்தாத்தான் மறிப்புன்னு எழுத முடியும்."

"மனுசன் போறானே, அவன் கணக்கு இல்லயா?"

"மனுசனுக்குத் தனிப் பிரிவு. நடைபாதைப் பிரிவு. உங்க ரோட்ல நடைபாதை இல்ல. அதனால அவங்க வரமாட்டாங்க."

பத்துமலை இதைப் புரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தபோது தர்மாவின் கண் கென்வாஸ் துணி மேல் விழுந்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"நம்மளோடதுதான்," என்றார் பத்துமலை பெருமையோடு. அந்த வாரத்தில் அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

தர்மா மறுபடியும் நாடாவை எடுத்தார். சோபா அரை நிறுத்துமிடத்தை ஆக்கிரமித்திருந்தது. மூன்று நாளாக நகரவில்லை. எதையும் கவனிக்காமல் விட்டுப் போக அவருக்கு அனுமதி இல்லை. இயந்திரத்தைத் தட்டினார். அதில் கார், லாரி, மோட்டார், பேருந்து, மற்றவை என்று ஐந்து வகைதான் இருந்தது. அவர் மற்றவையைத் தொட்டார்.

"தம்பி, இது நாற்காலிப்பா. இதுக்குப் போயி சம்மனா?"

"வேணும்னா குப்பைன்னு போடுறேன். குப்பைன்னு போட்டா இன்னிக்கே லாரி வந்து நொறுக்கிட்டுப் போயிடும். நான் உங்களுக்கு உதவிதான் பண்றேன், அண்ணே. நம்பர் என்னா?"

"சோபாவுக்கு ஏது நம்பரு?"

தர்மா கீழே குனிந்து தேடி, அடிப்பலகையில் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சீட்டைக் கண்டுபிடித்தார். எஸ்.எஃப். 2208. அதைப் பதிந்ததும் இயந்திரம் ஒருமுறை கீச்சிட்டது.

"எஸ்ஸுல ஆரம்பிச்சா சாபா மாநிலத்து வண்டி," என்றார் தர்மா. "அவ்ளோ தூரத்துல இருந்து வந்திருக்கு. அதான் நம்ம ரூல் தெரியல."

சோபாவின் முகம் எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி எழுந்தது. உட்கார்ந்தால் ஆள் எந்தத் திசையைப் பார்ப்பாரோ அதுதான் முன்பக்கம் என்று தர்மா முடிவு செய்தார். உட்கார்ந்தும் பார்த்தார். மதில் தெரிந்தது. ஆகவே வாகனம் போக்குவரத்துக்குக் குறுக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது. சம்மன் சுருள் சுருளாக வெளியே வந்தது. பிறகு அவரே ஒரு கை கொடுத்து, விமலா ஒரு மூலையைத் தள்ள, சோபாவைத் தெருமுனைக் கடைகளைப் பார்த்தபடி திருப்பி வைத்தார்கள். இப்போது ஒன்பதடிச் சோபா ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. வந்த வேன் ஒன்று எதிர்வீட்டு வடிகாலில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏறிப் போனது.

"இப்பதான் சட்டப்படி சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தர்மா கிளம்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்துமலை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கழக அலுவலகத்துக்குப் போனார். நான்காம் முகப்பில் 'நிறுத்துமிட நல்லிணக்கப் பிரிவு' என்று எழுதியிருந்தது. பிரிவுத் தலைவி மாதுமை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். சம்மனை இரண்டு முறை படித்தார். முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"ஐயா, நான் உங்கட பக்கம்தான். சோபா வாகனமில்லை எண்டு எனக்குத் தெரியும். என்ர வீட்டிலயும் சோபா இருக்கு. ஆனால் கணினி வாகனத்துக்கு மட்டும்தான் சம்மன் குடுக்கும். இதுக்குக் குடுத்திருக்கு. இப்ப நான் என்னை நம்புறதோ கணினியை நம்புறதோ? என்னை நம்புறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப நான் என்னதான் மேடம் செய்யிறது?"

"இண்டைக்கே கட்டினால் பாதிதான். கட்டினவுடனே கணினி இதை உங்கட பேரில பதிஞ்சிடும். வீட்டுக்கு ஒரு வாகனத்துக்கு இலவச நிறுத்துச் சீட்டு இருக்கு. நீங்கள் பன்னிரண்டு வருசமா எடுக்கவே இல்லை. அதையும் தாறன். பிறகு ஒருத்தரும் தொடமாட்டினம்."

பத்துமலை கட்டினார். மாதுமை பச்சை நிறச் சீட்டை நீட்டினார். முன்கண்ணாடியின் இடது மேல்மூலையில் உட்புறமாக ஒட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. முன்கண்ணாடி இல்லையே என்றார் பத்துமலை. மாதுமை உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து, கண்ணாடி பொருத்தும் வரைக்கும் இடது கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளத் தற்காலிக அனுமதி என்று எழுதிக் கொடுத்தார்.

பத்துமலை எழுந்தபோது மாதுமை அவரை நிறுத்தினார்.

"ஐயா, இப்ப உங்களிட்ட ஒரு வாகனம் இருக்கு. அது உங்கட வளவுக்குள்ள போக ஏலாமல் ரோட்டில நிக்குது. இதுதான் மறிப்பு. இப்ப நீங்கள் முறைப்பாடு குடுக்கலாம்!" அவர் குரலில் உற்சாகம் ஏறியது. "தயவுசெய்து குடுங்கோ. இந்த வருசம் எங்கட பிரிவு மூவாயிரம் தகராறு தீர்க்கவேணும். போன வருசம் இரண்டாயிரத்து நானூறுதான் கிடைச்சது. சனம் ஒத்துழைக்கிறதே இல்லை."

பத்துமலை ஒத்துழைத்தார். பதினான்கு வேலைநாளில் பதில் வரும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் விமலா பச்சைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகளுக்குச் சம்பந்தம் பேச ரெண்டு நாளு இருக்கு. இவரு சோபாவுக்கு பார்க்கிங் எடுத்துட்டு வாராரு," என்று சுவரிடம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை பவித்ரன் லூமுட்டில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். அவனும் தினேஸ்வரியும் மூன்று வருடமாகப் பழக்கம். ஆக, பேச வேண்டியது பெற்றவர்கள்தான். பவித்ரனின் அப்பா அப்பாவு அதிகம் பேசமாட்டார். பேசுவதெல்லாம் அம்மா வீரம்மாதான். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நல்ல கனத்த உடம்பு, முழங்காலில் தீராத வலி. கேட்டுக்கு முன்னால் வந்து நின்று அந்தச் சந்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்குள்ள நான் போனா, அந்தப் பக்கம் வர்றது நானா இருக்காது."

தினேஸ்வரி கேட்டுக்கு உள்ளே புடவையோடு நின்றாள். அவள் பக்கத்தில் நின்ற பத்துமலை எதிர்வீட்டைப் பார்த்தார். துரைசிங்கம் சன்னலருகே நாளிதழ் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு நல்ல நாற்காலி கெடக்கே," என்றார் வீரம்மா. கென்வாஸ் துணியை விலக்கி, சோபாவின் வலது மூலையில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அப்பாவு, பிறகு ஒரு சித்தப்பா, ஒரு சித்தி, பவித்ரன். ஐந்து பேரும் பேருந்தில் போகிறவர்களைப் போல வரிசையாகத் தெருமுனைக் கடைகளைப் பார்த்தபடி இருந்தார்கள். விமலா உள்ளேயிருந்து காப்பித் தட்டைக் காரின் மூக்குக்கு மேலே நீட்டினார்.

"சூடான கிளாசை போனட்டில வைக்காதேங்கோ!" என்று சன்னலிலிருந்து குரல் வந்தது.

காப்பி பாதி குடித்திருந்தபோது தர்மாவின் மோட்டார் சைக்கிள் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தாளிகள் அதிகம் என்பதால் அன்று அவருக்கு மும்முரமான நாள். கைப்பிடியில் இருந்த பச்சைச் சீட்டைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தலைகளை எண்ணினார்.

"பயணிங்க ஏறியிருக்காங்க. வண்டியில ஆளு இருந்தா ஓட்டுநர் யாருன்னு எழுதணும்." அவர் பார்வை வலது மூலைக்குப் போனது. இந்த நாட்டில் ஓட்டுநர் இருக்கை அங்கேதான். "அம்மா, லைசென்ஸ் காட்டுங்க."

காருக்கு மேலே முறுக்குத் தட்டை நீட்டிய விமலா அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார். சம்பந்தம் பேச வந்த இடத்தில் சம்பந்தியம்மாளிடம் லைசென்ஸ் கேட்ட குடும்பம் பேராக் மாநிலத்தில் இதுதான் முதலாக இருக்கும் என்று பத்துமலைக்குத் தோன்றியது. ஓடிப்போய்த் தர்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கூட நினைத்தார். சந்தில் நுழைந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வீரம்மா கிளாசைக் கீழே வைத்தார்.

"தம்பி, முப்பது வருசம் விடியக்காலையில தோட்டத்துப் பெரட்டுக் களத்துல பேரு குடுக்க நின்னவ நான். கணக்கு எழுதுற கிராணி பேரு கூப்புடுவான். எதுத்தாப்புல நிக்கிறவளையே வரலன்னு எழுதிட்டுப் போவான். உன்னய மாதிரி எத்தன பேரப் பாத்திருப்பேன். நான் ஓட்டுறேனா?"

"இல்லம்மா."

"நிறுத்தியிருக்கேன். நிறுத்துன வண்டிக்கு எதுக்கு லைசென்ஸ்?"

தர்மா யோசித்தார். சட்டைப் பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு பக்கம் முன்னே போனார், ஒரு பக்கம் பின்னே வந்தார்.

"அது சரிதாம்மா," என்றார் கடைசியில்.

"சரின்னா முறுக்கு சாப்புடு."

வாகனத்தில் இருப்பவர்களிடமிருந்து எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. ஆனால் முறுக்கு கேட்டுக்கு உள்ளே நிற்கும் விமலாவிடமிருந்து வருவதால் தர்மா ஒன்று எடுத்துக்கொண்டார்.

வீரம்மா அதற்கப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நெடுநேரம் நிறுத்தவில்லை. சோபா குலுங்கியது. அப்பாவுகூடச் சிரித்தார். போகும்போது வீரம்மா விமலாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூனு வருசமா முட்டி வலி. இதுல ஒக்காந்ததுல இருந்து தெரியல பாருங்க. பேச்ச ஆரம்பிச்சது இதுல, தேதி குறிக்கிறதும் இதுலதான். அடுத்த மாசம் தட்டோட வாரோம். அதுக்குள்ள எங்கயும் தொலச்சிடாதீங்க."

பதினான்காம் வேலைநாளில் கழகத்தின் பதில் வந்தது. தர்மாவோடு இரண்டு ஆட்கள் வந்து துரைசிங்கத்தின் சாம்பல் காருடைய முன்சக்கரத்தில் ஒரு பெரிய மஞ்சள் பூட்டை மாட்டினார்கள். 'மறிப்பு உண்டாக்கிய குற்றத்துக்காக இவ்வாகனம் நகர முடியாதபடி பூட்டப்பட்டுள்ளது' என்று கண்ணாடியில் ஒட்டினார்கள்.

"தம்பி, நவுத்தணும்னுதானே நான் கேட்டேன்?" என்றார் பத்துமலை.

"நவுத்துறது வேற பிரிவு, அண்ணே. நாங்க தண்டிக்கிற பிரிவு," என்றார் தர்மா.

அவர்கள் போன பிறகு துரைசிங்கம் வந்தார். பூட்டைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, யாரும் கூப்பிடாமலே, சோபாவில் உட்கார்ந்தார். பத்துமலை அவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தார். இருவரும் தெருமுனைக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்துமலை, ஒண்டு சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லாதையும். திறப்பு சிங்கப்பூரில இல்லை. என்னிட்டத்தான் இருந்தது. துலைச்சுப்போட்டன்."

"என்னா சார் சொல்றீங்க?"

"அரிசி வாளிக்குள்ளயும் தேடிட்டன். மகனுக்கு இன்னும் சொல்லேல்லை. முப்பத்தாறு வருசத்தில ஒரு கோப்பைக்கூடத் துலைச்சதில்லை எண்டு சொல்லிச் சொல்லி வளத்தனான் அவனை. இப்ப எந்த முகத்தோட சொல்லுறது?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா பத்து பேரு சேந்து தூக்கி நவுத்தியிருப்போமே சார்."

"நீர் அண்டைக்கே ரெண்டாந்தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நீர் நேர கழகத்துக்கு போன் அடிச்சிட்டீர்."

பத்துமலை எழுந்தார். உள்ளே போய் இரண்டு கிளாஸ் தேநீர் கொண்டு வந்தார். தம் கிளாசைத் துரைசிங்கமே போனட்டின் மேல் வைத்தார்.

மறுநாள் இருவரும் ஒன்றாக நான்காம் முகப்புக்குப் போனார்கள். பூட்டை அவிழ்க்க வேண்டுமென்றால் காரைக் கழக வளாகத்துக்கு ஓட்டிவந்து சோதனைக்குக் காட்ட வேண்டும் என்றார் மாதுமை. பூட்டியிருக்கிற காரை எப்படி ஓட்டிவருவது என்று துரைசிங்கம் கேட்டார். அதற்குத் தனி விண்ணப்பம் இருந்தது, ஆனால் அச்சிலிருந்து இன்னும் வரவில்லை. மாதுமை வேறு ஒன்றைக் கவனித்துவிட்டார்.

"முறைப்பாடு குடுத்தவரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒண்டா வந்திருக்கிறியள்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "எங்கட பிரிவு தொடங்கி இப்பிடி நடந்ததில்லை. இது தீர்ந்த தகராறு!"

இரண்டு வாரத்தில் தாமான் செரி மெலோர் மூன்றாம் தெரு 'நல்லிணக்கத் தெரு'வாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. கழகத் துணைத் தலைவர் டத்தோ அர்ச்சுனன் சனிக்கிழமை காலை நேரில் வந்து அறிவிப்பார் என்று கடிதம் வந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கழகத் தொழிலாளர்கள் இருபது பேர் வந்தார்கள். டத்தோவின் கார் வர வழி வேண்டும். சாம்பல் காரைப் பூட்டோடு சேர்த்துத் தூக்கினார்கள். மூன்று நிமிடத்தில் அது பாடாங் திடல் ஓரத்துப் புல்லில் போய் நின்றது. ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பத்துமலையின் கேட்டு முழுதாகத் திறந்தது.

"விமலா! வா வா, ஒரு பக்கம் புடி!" என்று கத்திக்கொண்டே அவர் வெளியே ஓடினார்.

சோபா அங்கே இல்லை. டத்தோ உட்கார ஒரு நல்ல இருக்கை தேவைப்பட்டதால் அது தெருவில் போட்டிருந்த மேடைக்குப் போய்விட்டிருந்தது. மஞ்சள் துணியும் போர்த்திவிட்டார்கள். முடிந்ததும் தருவார்கள் என்று பத்துமலை முதல் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

டத்தோ அர்ச்சுனன் நாற்பது நிமிடம் பேசினார். அவருடைய கார் தெருவின் நடுவில் கதவு திறந்தபடி நின்றது.

"அன்புப் பெருமக்களே! ஒரு காலத்தில் நம் மக்களிடம் கார் இல்லை. நிறுத்துமிடத் தகராறும் இல்லை. இன்று வீட்டுக்கு மூன்று கார், தெருவுக்கு முப்பது தகராறு. இது எதைக் காட்டுகிறது? வளர்ச்சியைக் காட்டுகிறது! சிலர் கேட்கிறார்கள், கழகம் ஏன் புதிய நிறுத்துமிடம் கட்டவில்லை என்று. நான் கேட்கிறேன், நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்துவிட்டால் அண்டை வீட்டார் ஒருவரோடு ஒருவர் பேச என்ன காரணம் இருக்கும்? பத்து வருடமாக நான் இந்தக் கழகத்தில் இருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்கு நிறுத்த இடம் கிடைக்காமல் போனதில்லை. மனம் இருந்தால் போதும்! இந்தத் தெருவில் கார் இல்லாத ஓர் ஏழைத் தொழிலாளி இருந்தார். இன்று அவர் பெயரிலும் ஒரு வாகனம் இருக்கிறது. அதைக் கொடுத்தது யார்? கழகம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். பத்துமலையும் தட்டினார். கை ஓய்வதற்குள் பந்தல், ஒலிபெருக்கி, நாற்காலி, மஞ்சள் துணி போர்த்திய சோபா எல்லாம் கழக லாரியில் ஏறிவிட்டன. தெருமுனை வரைக்கும் பத்துமலை பின்னால் ஓடினார். மேடையில் இருந்தது அத்தனையும் கழகச் சொத்து என்று லாரியிலிருந்து ஒருவர் கத்தினார்.

திங்கட்கிழமை சோபா நான்காம் முகப்புக்கு எதிரே, பொதுமக்கள் காத்திருக்கும் இடத்தில் இருந்தது. பச்சைச் சீட்டின் மேலேயே 'கழக உடைமை' என்று ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கச் சொத்துக் கழிவுக் குழு கூடவேண்டும், அது நவம்பரில் கூடும் என்றார் மாதுமை. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவருக்கு அதிகாரம் இல்லை.

தட்டு வரும் நாள் அந்த வெள்ளிக்கிழமை. விமலா இரண்டு நாள் தயங்கிவிட்டு வீரம்மாவுக்குத் தொலைபேசி அடித்தார். நடந்ததைச் சொல்லும்போதே அழுதுவிட்டார். வீரம்மா நடுவில் குறுக்கிட்டார்.

"இப்ப எங்க இருக்கு?"

"கழகத்து ஆபீஸ்ல, சம்பந்தியம்மா."

"எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு இரண்டு குடும்பமும் கழக அலுவலகத்தில் இறங்கின. பதினான்கு பேர், ஏழு தட்டு. எண் எடுக்காதவர்கள் உட்காரக் கூடாது என்றார் காவலாளி. பதினான்கு பேரும் எண் எடுத்தார்கள். வீரம்மா தம் வலது மூலையில் உட்கார்ந்து, முட்டியைத் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். தட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் துரைசிங்கம் வேட்டியோடு வந்திருந்தார். நிச்சயப் பத்திரம் எழுதுவது தம் பொறுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டவர், மூன்று பிரதி எழுதியிருந்தார். அவர் அதை உரக்க வாசித்துக்கொண்டிருந்தபோது வீரம்மாவின் எண் நான்காம் முகப்பில் எரிந்தது.

"என்ன விசயமா வந்தனீங்கள், அம்மா?" என்றார் மாதுமை.

"பொண்ணு கேட்டு வந்தோம்."

மாதுமை திரையைப் பார்த்தார். மேலிருந்து கீழே தேடினார். "அப்பிடி ஒரு தெரிவு இதில இல்லையே."

"எதுல சேப்பீங்களோ சேருங்க தாயி. ரெண்டு பக்கமும் சம்மதிச்சாச்சு. சண்ட இல்ல."

மாதுமையின் விரல் நின்றது. இரண்டு தரப்பு. முழு சம்மதம். சண்டை தொடங்குவதற்கு முன்பே தீர்ந்தது. அவர் எதையோ அழுத்தினார். பிறகு எழுந்து மாடிக்கு ஓடினார்.

டத்தோ அர்ச்சுனன் படம் எடுப்பவரோடு இறங்கி வந்தார். கூட்டம், பூ, பழத்தட்டு எல்லாவற்றையும் பார்த்ததும் இது தம் நிகழ்ச்சிதான் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மைக் இல்லாததால் பத்து நிமிடம் மட்டும் பேசினார். நல்லிணக்கத் தெருவின் முதல் கனி இந்தத் திருமணம் என்றார். பத்துமலை முன்னால் போனார்.

"டத்தோ, ஒரு வேண்டுகோள். இந்தச் சோபா..."

"பிடித்திருக்கிறதா?" டத்தோ அதைத் தட்டிப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார். டத்தோவின் முகம் மலர்ந்தது. "எடுத்துக்கொள்ளுங்கள்! மணமக்களுக்குக் கழகத்தின் அன்பளிப்பு! மாதுமை, ரிப்பன் கொண்டு வாங்க!"

குழு கூட வேண்டியதில்லையா என்று மாதுமை கேட்கவில்லை. பத்துமலை வாயைத் திறந்தார். விமலா பின்னாலிருந்து அவர் முழங்கையைக் கிள்ளினார்.

"வாய மூடிகிட்டு கும்புடுங்க."

அன்று பிற்பகல் சிவப்பு ரிப்பன் கட்டிய சோபா கழக லாரியில் இருபத்தேழாம் எண்ணுக்கு வந்தது. ஆறு பேர் தூக்கித் திறந்த கேட்டு வழியாக உள்ளே கொண்டு போனார்கள். முன்னறையில் இரண்டு அங்குலம் மிச்சமிருந்தது. டத்தோ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையில் தர்மா பாடாங்குக்குப் போய்க் காரின் பூட்டைக் கழற்றினார். துரைசிங்கம் ஈப்போவிலிருந்து ஆள் கூட்டிவந்து புதுச் சாவி செய்தார். மகனிடமும் சொல்லிவிட்டார். திருக்குமரன் அந்தக் காரையே மறந்துவிட்டிருந்தான்.

கழகத்தின் அடுத்த மாத இதழில் முதல் பக்கத்தில் ஒரு படம் வந்தது. டத்தோ ரிப்பனைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் பத்துமலை கண்களை இறுக மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, கைகூப்பி நிற்கிறார். கன்னத்தில் கண்ணீர். 'கழகத்தின் கொடையைப் பெற்று ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் குடியிருப்பாளர்' என்று கீழே போட்டிருந்தது.

அவர் அழவில்லை. படம் எடுத்த அந்த நொடியில் பக்கத்தில் நின்ற துரைசிங்கம் அவர் காதோரம் குனிந்து, "ரிப்பன் இன்னும் மிச்சமிருக்கு, பத்துமலை. உம்மட பெட்டை தினேஸ்வரியைப் பின்னுக்கு நிக்கச் சொல்லும். அவளையும் கழகத்தின்ர அன்பளிப்பு எண்டு தரப்போறார்," என்று சொல்லிவிட்டார்.